ஏழு செம்புத் தண்ணீர்

வரும் ஆனி மாதம் என் மகள் உங்கள் பள்ளிக்கூடத்தில் சேருகிறாள். உங்களோடு தரையில் உட்காருவாள். மத்தியானம் உங்களோடு வேப்பமரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறப்பாள். அப்போது உங்களில் யாராவது உங்கள் மோர்ச்சோற்றில் ஒரு வாய் எடுத்து, "இந்தா" என்று அவளிடம் நீட்டுவீர்கள். நல்ல மனசோடுதான் நீட்டுவீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் வாத்தியார் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், எனக்குக் கேவலமான இடத்தையும் விடாமல்.

நான் அரியலூரில் பால்காரனாக இருந்தேன். உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கறந்து கொடுப்பார்களே, அப்படி. விடிகிற நேரத்தில் மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போவேன். வீட்டுக்கார அம்மா வெளியே வந்ததும் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவேன். உள்ளே தண்ணீர் இல்லை என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் மடியில் கை வைப்பேன். கோர்ட்டுத் தெருவிலும் ரயில்வேக்காரர்கள் குடியிருந்த வீடுகளிலும் என் பாலுக்கு நல்ல பேர். நான்கு மாடுகள் இருந்தன. எனக்கு வேறு தொழில் தெரியாது.

கல்யாணமாகி ஏழாவது வருஷம் இந்தப் பெண் பிறந்தாள். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் வரிசையில் நிற்போம். ஆனாலும் எங்கள் வீட்டில் முதல் மூன்று மாதமும் திருவிழாதான். மூன்றாம் மாதம் அவள் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபோது தாய்ப்பால் வற்றிவிட்டது. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "பால்காரன் வூட்டுப் புள்ளைக்கு என்னா கொற? நாலு மாடு நிக்குதுல்ல."

எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. கைக்குழந்தைக்கு ஒற்றை மாட்டுப் பால்தான் கொடுக்க வேண்டும், பல மாட்டுப் பாலைக் கலக்கக் கூடாது என்பார்கள். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி விற்றவன் நான். என் பெண்ணுக்கென்று செவலைப் பசுவை ஒதுக்கி வைத்தேன். அதன் பால் ஒரு சொட்டு வெளியே போகாது. கறந்த சூடு ஆறுவதற்குள் சங்கில் ஊற்றி நானே புகட்டுவேன்.

குடித்த அரை நாழிகைக்குள் கக்கிவிடுவாள். கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, பொருக்குத் தட்டி, நீர் கசியும். சொறிந்து சொறிந்து ரத்தம் வரும் என்று அவள் கைகளைத் துணியில் சுற்றிவைப்போம். ராத்திரியும் பகலும் அழுகை. உங்கள் வீட்டிலும் தம்பி தங்கை அழுதிருப்பார்கள். இது அப்படி இல்லை. பசிக்கு அழுகிற பிள்ளை பாலைக் கண்டதும் நிறுத்தும். இவள் சங்கைக் கண்டதும் வாயை இறுக்க மூடிக்கொள்வாள். நான் கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்து ஊற்றுவேன்.

அவள் சொன்னாள், பிள்ளைகளே. பேச்சு வராத வயதிலேயே அவள் தன்னால் முடிந்த மாதிரி சொன்னாள். எனக்குத்தான் கேட்கவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாட்டின் மேல்தான் குற்றம் என்று நினைத்தேன். செவலைப் பசுவின் பால் சூடு என்று அதை விட்டுவிட்டு வெள்ளைப் பசுவை ஒதுக்கினேன். அதுவும் ஆகவில்லை. தீவனத்தை மாற்றினேன். பருத்திக்கொட்டையை நிறுத்தினேன். கடைசியில் யாரோ காராம்பசுப் பால் மருந்து மாதிரி என்றார்கள். நாக்கு முதல் குளம்பு வரை கறுப்பாக இருக்கிற பசு. திருமானூர்ப் பக்கம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, என் இரண்டு மாடுகளைக் கொடுத்து அந்த ஒன்றை வாங்கி, ஒரு பகல் முழுவதும் நடத்தியே ஓட்டிவந்தேன். வழியெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே வந்தேன். "நீதான் எம் புள்ளையக் காப்பாத்தணும்" என்று.

நாட்டு வைத்தியர் ஒருவரும் பார்த்தார். நல்ல மனிதர். கிரந்தி, சூட்டில் வருகிற தோல் புண் என்றார். ஒரு பொடி கொடுத்து, காலையும் மாலையும் வெண்ணெயில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னார். நான் அப்போதுதான் கடைந்த வெண்ணெயாக எடுத்து, தாராளமாகவே குழைத்துத் தடவினேன். புண்ணின் மேலும் வெண்ணெயையே பூசினேன். நாளுக்கு நாள் மோசமானது. "மருந்து வேலை செய்யுது, உள்ள இருக்கறது வெளிய வருது" என்று நானே எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரு கோடையில் காராம்பசு பால் வற்றிக் கறவை நின்றது. மற்ற மாட்டுப் பாலைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பத்து நாள் கேழ்வரகுக் கூழும் குழைந்த சோறும்தான். பிள்ளையின் தோல் ஆறியது. முதல் தடவையாக எழுந்து நின்று என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"ஏங்க, மாடு வத்தியிருக்கிற பத்து நாளா பாப்பா நல்லா இருக்கே."

"மருந்து புடிச்சிக்கிட்டு இருக்கு."

"மருந்துதான் வெண்ணெ இல்லாம நின்னு போச்சே. பாலுதான் ஆகலியோ என்னமோ."

நான் சிரித்தேன். "நல்லாச் சொன்ன போ. பால் ஆகாத புள்ள ஒலகத்துல உண்டா? நீ கூழுக்குப் பொறந்தவ, நான் பாலுக்குப் பொறந்தவன். எனக்குச் சொல்லித் தரியா?"

அவள் வேப்பந்தட்டைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவள். அவர்கள் வீட்டில் கறவை கிடையாது. அதைச் சொல்லித்தான் அவள் வாயை அடைத்தேன். அடுத்த வாரம் வேறு பசுவின் பாலைக் கொடுக்க ஆரம்பித்தேன்.

பிள்ளைக்கு இரண்டரை வயது ஆனபோது, ஒரு காலையில் ஒரு வாய் தயிர்ச்சோறு தின்றதும் உதடு தடித்து, கண் இரண்டும் இடுங்கிக்கொண்டு, முகமே வேறு யாரோ முகம் மாதிரி ஆகிவிட்டது. மாலைக்குள் வடிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பயத்தில் அன்றைக்கே இரண்டு காரியம் செய்தேன். சிறுவாச்சூர்க் காளிக்கு என் கையால் கறந்த பாலை அபிஷேகத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் திருச்சிக்கு ரயில் ஏறினோம்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். வயதானவர், குரல் கொஞ்சம் அதட்டலாக இருக்கும். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒற்றை மாட்டுப் பாலில் ஆரம்பித்துக் காராம்பசு வரைக்கும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பிள்ளையின் முன்கையில் ஊசியால் லேசாக இரண்டு கீறல் கீறினார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஒரு சொட்டுப் பால் வைத்தார்.

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வைத்த இடம் அப்படியே இருந்தது. பால் வைத்த இடம் கொசு கடித்தது போலத் தடித்து, பிறகு காலணா அளவுக்குப் பரந்து, சுற்றிலும் சிவந்தது.

"பாத்துக்கோப்பா. இதுதான் வியாதி."

"பாலா டாக்டரம்மா?"

"பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், எல்லாம். அவ ஒடம்பு அதை விஷமா எடுத்துக்குது."

"அப்படின்னா ஆட்டுப் பால்?"

"வேண்டாம்."

"நல்ல தண்ணியா ஊத்தி, ஒரு கொதி வச்சு..."

"நான் சொல்றது காதுல விழுதா? ஒரு சொட்டுகூட வேண்டாம். அடுத்த தடவை முகத்தோட நிக்காது. தொண்டை அடைச்சுக்கும்."

மருந்து என்ன என்று கேட்டேன். மருந்து இல்லை என்றார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். சில பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகும், சில பிள்ளைகளுக்கு ஆகாது, சொல்ல முடியாது என்றார். வியாதியின் பேரை இங்கிலீஷில் சொன்னார். எனக்கு நாக்கில் நிற்கவில்லை. அதை ஒரு சீட்டில் எழுதி, கீழே இன்னும் இரண்டு வரி எழுதி என் மனைவியிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வரும் ரயிலில் பிள்ளை ஜன்னல் ஓரம் நின்று ஆடு, மாடு, பனைமரம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாடு வரும்போதெல்லாம் திரும்பி என்னைப் பார்த்து, "அப்பா, நம்ம மாடு" என்பாள். லால்குடி தாண்டியதும் நான் தலையைத் துண்டால் மூடிக்கொண்டேன். இரண்டு வருஷமாக யார் கன்னத்தை அமுக்கி யார் வாயில் எதை ஊற்றினேன் என்பது அப்போதுதான் மெதுவாக உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா சொன்னாள். "மாட்டை வித்துடுவோங்க."

"வித்துட்டு?"

"கூலிக்குப் போவோம்."

"கொஞ்ச நாள் பாப்போம்" என்றேன். உண்மையைச் சொன்னால், நான் நம்பவில்லை. கையில் தடித்ததைக் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை. எங்கள் அப்பா பால்காரர், அவர் அப்பாவும் பால்காரர். செத்த வீட்டுக்கும் பால், கல்யாண வீட்டுக்கும் பால் கொண்டுபோனவர்கள் நாங்கள். என் வீட்டுப் பிள்ளைக்குப் பால் விஷம் என்றால், நான் யார்? இப்படித்தான் நினைப்பு ஓடியது.

அவள் அம்மா ஒருநாளும் இப்படி உட்கார்ந்து யோசிக்கவில்லை. அன்றைக்கே பிள்ளைக்கென்று புதுச் சட்டி, புது அகப்பை எல்லாம் தனியாக எடுத்து வைத்தாள். தானும் மோரை விட்டாள். ரசஞ்சோறும் புளித்தண்ணியுமாக அவளுக்கு ஓடியது. இன்றுவரை அப்படித்தான்.

ஆனால் வீட்டில் இன்னொரு பாத்திரம் இருந்தது. அது என் கை. கறந்துவிட்டு வந்து கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன். தூக்கிய இடத்தில், அக்குளுக்குக் கீழே, ஐந்து விரல் பட்ட மாதிரியே தடிப்பு எழும்பும். நகக்கண்ணிலும் ரேகையிலும் பால் ஒட்டியிருக்கிறது என்றாள் அவள் அம்மா. இரண்டு செம்பு ஊற்றிக் கழுவினேன். தடிப்பு குறைந்தது. சாம்பல் போட்டு நான்கு செம்பு. அப்புறம் சீயக்காய் போட்டு ஏழு செம்பு. ஏழில் தடிப்பு வரவில்லை. அதிலிருந்து ஏழு என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பிள்ளையே வந்து ஊற்றுவாள். துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு, சின்னச் செம்பால் தொட்டியில் மொண்டு, என் கையில் படாமல் எட்ட நின்று ஊற்றுவாள். "ஒன்னு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்று எண்ணுவாள். நான்கு அவளுக்கு வராது. அதனால் ஏழு என்று சொல்லும்போது ஆறுதான் ஆகியிருக்கும். நான் "இன்னொன்னு கண்ணு" என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். அது முடிந்து அவள் "இப்ப தூக்கு" என்று இரண்டு கையையும் விரிப்பாள். பெற்ற பிள்ளையைத் தொட ஏழு செம்பு.

வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் கிரந்தி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஊரில் எதுதான் மறைகிறது? ஒருநாள் ரயிலடிக் காபி கிளப்பில் பாலை இறக்கும்போது, கல்லாவில் இருந்த முதலாளி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டார்.

"என்னய்யா, ஒம் பொண்ணே குடிக்காத பாலையா எங்களுக்கு ஊத்துற?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "கவுத்துக் காட்டுற செம்பு நல்லாத்தான் இருக்கு, உள்ளங்கையில எவ்வளவு தண்ணி வச்சிருந்தானோ, அந்தப் பாவம் புள்ளயப் புடிச்சிருக்கு" என்றார். நான், "அய்யா, எம் பாலு நல்ல பாலு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிள்ளைகளே, வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அவள் பிறப்பதற்கு முந்தின வருஷம், பிண்ணாக்குக் கிடைக்காத ஒரு மாதம், இந்தக் கிளப்புக்குப் போகிற பாலில் மட்டும் நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பெஞ்சில் இருந்தவர் வேடிக்கையாகச் சொன்னது என் உடம்பில் ஊசி மாதிரி இறங்கியது. அதற்குப் பிறகு மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறக்கும்போதெல்லாம் அழுதிருக்கிறேன். கறக்கிறவன் முகம் யாருக்கும் தெரியாது. கோர்ட்டுத் தெரு அம்மாக்கள் எதிரே நின்றுகொண்டு என் செம்பைத்தான் பார்ப்பார்கள்.

இது பாவத்தால் வந்ததென்றால் பிராயச்சித்தத்தால் போக வேண்டும். அப்படி ஒரு கணக்கு என் மனசில் உட்கார்ந்துகொண்டது. மஞ்சள் துணியில் முடிந்த வேண்டுதல் பாக்கி இருந்தது. அதைச் செலுத்தினால் எல்லாம் தீரும் என்று நம்ப ஆரம்பித்தேன். டாக்டரம்மா சொன்னதை நம்பாதவன், இதை நம்பினேன்.

பிள்ளைக்கு மூன்றரை வயது ஆனபோது சிறுவாச்சூருக்குப் புறப்பட்டோம். அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். விடிவதற்கு முன்னால் காராம்பசுவைக் கறந்து, தூக்கில் ஊற்றி ஈரத்துணி கட்டி எடுத்துக்கொண்டேன். பிள்ளையை அவள் அம்மா என் பக்கத்தில் உட்காரவிடவில்லை. பெரம்பலூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ். சண்டைக் காலத்துக் கரி பஸ்தான். பின்னால் அடுப்பு வைத்துக் கரி எரித்து ஓட்டுவார்களே, அது. நம் வயிற்றில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். பிள்ளைக்கு ஒரே குஷி. "அப்பா, பஸ்ஸு சோறாக்குது" என்றாள்.

கோயிலில் நல்ல கூட்டம். சன்னிதிக்கு வெளியே பெண்கள் ஊறவைத்த அரிசியை உரலில் இடித்து மாவிளக்குப் போடுவார்கள். என் மனைவியும் இடிக்க உட்கார்ந்தாள். எல்லோரும் நெய் ஊற்றுவார்கள். அவள் வீட்டிலிருந்தே நல்லெண்ணெய் கொண்டுவந்திருந்தாள், பிள்ளை மாவைத் தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று. பக்கத்தில் இடித்தவள் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏன்டி, நெய்யி ஊத்தலியா? அம்மனுக்கே கஞ்சத்தனமா?"

"எம் பொண்ணுக்கு ஆவாதுக்கா. அம்மனுக்குத் தெரியும்."

அவளுக்கு அவ்வளவுதான். அம்மனுக்குத் தெரியும் என்று நம்பினாள், தொடர்ந்து இடித்தாள். "பாப்பாவைப் பாத்துக்குங்க. பூசாரிகிட்ட குங்குமம் மட்டும் கேளுங்க" என்று சொல்லி என்னோடு அனுப்பினாள்.

என் பால் அம்மன் தலையில் இறங்கியதைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் கறுப்புக் கல்லின் மேல் வெள்ளையாக வழிந்து வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தீர்ந்தது, எல்லாம் தீர்ந்தது என்று உள்ளே ஒரு குரல். பூசாரி அபிஷேகத் தீர்த்தம் கொண்டுவந்தார். பாலும் தண்ணீருமாகக் கலங்கி, கழுநீர் நிறத்தில் இருந்தது. பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. கையை நீட்டி வாங்கினேன். பூசாரிமேல் ஒரு குற்றமும் இல்லை. அவருக்கு என்ன தெரியும்?

பிள்ளை என் உள்ளங்கையைப் பார்த்தாள். அவள் அம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள், எதைக் கொடுத்தாலும் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும் என்று. அதேபோலக் கேட்டாள்.

"அப்பா, பாலா?"

"இல்ல கண்ணு. தீர்த்தம். சாமி குடுத்தது."

அவள் வாயைத் திறந்தாள். முதல் தடவையாக, நான் கன்னத்தை அமுக்காமல், என் கையிலிருந்து வாங்குவதற்கு அவளாகவே வாயைத் திறந்தாள். நான் விரலால் தொட்டு இரண்டு சொட்டு விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். பிரகாரத்தைச் சுற்றி வந்து அவள் அம்மாவிடம் போவதற்குள் பிள்ளை தொண்டையைச் சொறிந்தாள். "அப்பா, முள்ளு" என்றாள். பிறகு பேச்சு நின்றது. உதடு தடித்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அவள் அம்மா உலக்கையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"என்னா குடுத்தீங்க?"

நான் ஈரக் கையை மூடிக்கொண்டேன்.

"என்னாங்க குடுத்தீங்க? சொல்லித் தொலைங்க!"

"தீர்த்தம்."

அவள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். திருச்சிப் பக்கமிருந்து பெரம்பலூர் போகிற கரி பஸ் ஒன்று வந்தது. நடு ரோட்டில் நின்று மறித்தாள். டிரைவர் திட்ட வாயெடுத்தவர், பிள்ளையைப் பார்த்ததும், "ஏறும்மா, ஏறு" என்றார். வழியில் யார் கை காட்டியும் நிறுத்தவில்லை. ஆனாலும் அந்தக் கரி பஸ் ஏற்றத்தில் திணறித் திணறித்தான் போனது. ஐந்து மைல்தான் இருக்கும். பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. நான் அவள் காலைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். "தொடாதீங்க" என்றாள் அவள் அம்மா. என் கையில் இன்னும் ஈரம் இருந்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இளைஞர். என்ன நடந்தது என்று கேட்டார். என் மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு வருஷமாக மடித்து மடித்து நைந்துபோன அந்தச் சீட்டை நீட்டினாள். அவர் படித்தார். அடுத்த நிமிஷம் ஊசி போட்டார். அந்தச் சீட்டில் இருந்த இரண்டு வரி என்ன மருந்து போட வேண்டும் என்பதுதான். அது இல்லாவிட்டால் உங்களுக்கு இப்போது ஒரு கூட்டாளி வரப்போவதில்லை.

பிள்ளை பிழைத்தாள். அதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஒன்றுமே இல்லை. இருந்த ஒரு நம்பிக்கையும் போயிருந்தது. மாட்டை மாற்றினால் தீரும், மருந்தை மாற்றினால் தீரும், சாமி தீர்க்கும் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு தொங்கியவன் நான். அன்றைக்குத்தான் டாக்டரம்மா சொன்னதை முழுசாக நம்பினேன். இது தீராது. தீர்க்க என்னால் ஆகாது. நாளைக்கும் உலகம் பூராவும் பால் இருக்கும். காபியில் இருக்கும், பாயசத்தில் இருக்கும், கல்யாண வீட்டில் இருக்கும், கோயிலில் இருக்கும். அதற்கு நடுவில் இவள் இருக்க வேண்டும். அது தெரிந்த பிறகு மனசு ஆறும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை.

அந்த மாதமே மாடுகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். காராம்பசுவைத் திருமானூர்க்காரரே வந்து ஓட்டிக்கொண்டு போனார். இப்போது ரயில்வே கூட்ஸ் கொட்டகையில் மூட்டை தூக்குகிறேன். கையில் சாக்கு வாசனையும் கடலைத்தொலி வாசனையும்தான். மூன்று வருஷமாக ஒரு மடியைத் தொட்டதில்லை. அப்படியும் சாயங்காலம் நான் வந்ததும் அவள் துவைக்கிற கல்லில் ஏறி நிற்பாள். "இனிமே வேண்டாம் கண்ணு, அப்பா இப்ப பால் கறக்கிறதில்ல" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "கையக் காட்டு" என்பாள். ஏழு செம்பும் ஊற்றுவாள். இப்போது அவளுக்கு நான்கு வருகிறது. சரியாக ஏழுதான்.

ஊற்றி முடித்த பிறகு தூக்கச் சொல்வாள், தோளில் ஏறுவாள், மீசையை இழுப்பாள். எல்லாம் உண்டு. ஆனால் என் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கி வாயில் வைக்கமாட்டாள். போன வாரம் சந்தையிலிருந்து பொரிகடலை வாங்கிவந்தேன். வெறும் பொரிகடலை.

"அப்பா, இதுல பால் இருக்கா?"

"இல்ல கண்ணு."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாக இல்லை. பிறகு பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "அம்மா, இதுல பால் இருக்கா?" என்று அடுப்படியில் கேட்டது. "இல்லடி, தின்னு" என்ற பிறகுதான் கடிக்கிற சத்தம் கேட்டது. நான் வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

சரியாகத்தான் செய்கிறாள். நான் வருத்தப்பட எனக்கு நியாயம் இல்லை.

இனி பள்ளிக்கூடத்தில் அவள் அம்மா இருக்கமாட்டாள். சீட்டை மட்டும் ஒரு துணியில் தைத்து அவள் கழுத்தில் போட்டு அனுப்புவோம். நீங்கள் ஒன்றை நீட்டினால் அவள் உங்களிடமும் கேட்பாள், இதில் பால் இருக்கிறதா என்று. நூறு தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாதீர்கள். இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கேலி செய்தாலும் செய்யுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதீர்கள். அவள் உங்களை நம்பி வாயைத் திறப்பாள்.